ஆணி ஓட்டைச் சூரியன்கள்

அநியாயம் செய்யப்பட்டது உமையாளுக்கு. அவளுக்கு மட்டுமில்லை, அந்த மகளிர் விடுதியில் இருந்த அத்தனை பேருக்கும்தான்; ஆனால் எல்லாருக்கும் நடந்த அநியாயத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது உமையாளின் வழக்கம், அதை ஒரு குறையாக அவள் என்றைக்கும் நினைத்ததில்லை. செய்தவர் வார்டன் சிவகாமசுந்தரி. செய்த விதம் இது: மார்கழி மாதத்து நல்ல வெயில் நாள் ஒன்றில், சூரியனை நிலா முழுக்க மறைக்க முடியாமல் ஓரத்தில் ஒரு நெருப்பு வளையத்தை மிச்சம் விடுகிற கிரகணம், உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, நேராக இந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் வருகிறது. அதைப் பார்ப்பதற்காக இயற்பியல் துறைப் பெண்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து கறுப்பு வடிகட்டித் தாளை வெட்டி, அட்டையில் ஒட்டி, மூட்டை மூட்டையாகக் கண்ணாடி செய்தார்கள். மைதானத்தில் மைக் பிடித்து ஊர் ஜனங்களுக்கு விளக்கம் சொல்லவேண்டியவள் உமையாள், எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, பேச்சு அவளே எழுதியது, நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசி அறைத்தோழி நஸ்ரினின் உயிரை வாங்கியது. கடைசியில் கண்ணாடிகள் மைதானத்துக்குப் போயின, பேச்சு மைதானத்துக்குப் போனது, ஆண்கள் விடுதிப் பையன்கள் மைதானத்துக்குப் போனார்கள். பெண்களை மட்டும் மெஸ்ஸுக்குள் உட்காரவைத்து, கிரகண வெளிச்சம் சாப்பாட்டின் மேலும் பெண்பிள்ளைகள் மேலும் பட்டுவிடக் கூடாதென்று ஜன்னலுக்கெல்லாம் கம்பளிப் போர்வை கட்டி, கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, வாசலை அடைத்தாற்போல நாற்காலி போட்டு வார்டன் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னாக் கேளும்மா" என்றார்.

இது பதிலா? இது பதில் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜமுக்காளத்தின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த உமையாளுக்கு அந்தச் சத்தம் காதுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் டியூப் லைட், அதற்கு மேல் தகரக் கூரை, கூரைக்கு மேல் சூரியன். நடுவில் இருப்பது ஒரு தகரம்தான். இந்நேரம் முதல் கடி விழுந்திருக்கும், மேற்கு ஓரத்தில், எறும்பு அரித்த வெல்லக்கட்டி மாதிரி கொஞ்சமே கொஞ்சம் குறைந்திருக்கும். அதைப் பார்க்காமல் நான் இங்கே என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால், தயிர்ப் பாத்திரத்தின் மேல் மெஸ் அக்கா போட்டுவைத்திருக்கிற தர்ப்பைப் புல்லை. நாலு புல். சூரியனிடமிருந்து வருகிறதை நாலு புல் தடுத்துவிடும் என்றால் என் துறையில் எதற்கு ஒளியியல் என்று ஒரு தாள் வைத்து உயிரை எடுக்கிறார்கள், புல்லியல் என்று வைத்திருக்கலாமே. போர்வைகளைத் தாண்டி மைதானத்து ஒலிபெருக்கி கேட்டது. கார்மேகம் பேசுகிறான். அவள் வகுப்புதான், நல்ல பையன்தான், ஆனால் சூரியனைப் பற்றிப் பேச இந்தத் துறையில் கார்மேகம் என்று பெயர் வைத்தவனா கிடைத்தான். "நிலா சூரியனை விட நானூறு மடங்கு. சின்னது. ஆனால் நானூறு மடங்கு கிட்டத்தில். இருக்கிறது." அங்கே நிறுத்தாதேடா. அங்கே மூச்சு விடவே கூடாது, அடுத்த வரியில்தான் விஷயமே. "கிட்டத்தில் இருக்கிற சின்ன ஆள் தூரத்தில் இருக்கிற பெரிய ஆளை மறைப்பது கட்சி ஆபீசில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்தீர்களா." ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேப்பரைப் பார்த்துப் படித்தால் யார் சிரிப்பார்கள். அந்த வரியை அவள் பஸ்ஸில் யோசித்து, யோசித்த சந்தோஷத்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவள். ஒரு நகைச்சுவை அநாதையாகச் செத்ததை இவ்வளவு தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று யாரிடம் சொல்வது. நஸ்ரினிடம் சொன்னாள். நஸ்ரின் உள்ளங்கையில் பொட்டுக்கடலை வைத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, அந்த ஜோக்குக்கு யாரும் சிரிக்கமாட்டாங்கன்னு" என்றாள். "அவன் சொன்ன விதம்டி." "நீ சொன்னப்பவும் நான் சிரிக்கல. மறந்துட்டியா?"

நேற்றுச் சாயங்காலம் வார்டன் அறையில் நடந்ததை அவள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே இடத்தில் போய்ச் சிக்குகிறது. முதல் பாதி முழுக்க உமையாளின் கைதான் ஓங்கியிருந்தது. கிரகணத்தன்று சூரியனிலிருந்து புதிதாக எதுவும் வருவதில்லை மேடம், வருகிறது குறையத்தான் செய்கிறது. வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான், அதற்குத்தான் கண்ணாடி, அந்தக் கண்ணாடியைச் செய்ததே நாங்கள்தான். வார்டன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுகிறவரோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிவகாமசுந்தரி புள்ளியியல் பேராசிரியை. மூடநம்பிக்கை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்று போனவளிடம் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீ சொல்றது சரிதான் உமையாள். ஒண்ணும் ஆகாது. ஆயிரத்துல ஒருத்திக்குக் கூட ஆகாது. ஆனா நாளைக்கு ஒரு பொண்ணு கண்ணு வலிக்குதுன்னு சொன்னாலும் சரி, வழுக்கி விழுந்தாலும் சரி, பத்து வருஷம் கழிச்சு அவ குழந்தைக்கு ஒண்ணுன்னாலும் சரி, அந்த ஒரு வீட்டுக்கு அது நூறு சதவீதம்மா" என்றார். நூறு சதவீதம். இந்த இடம்தான். தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது, இருப்பது நன்றாகத் தெரிகிறது, ஆனால் கை வைத்துக் காட்ட முடியவில்லை, முதுகில் எங்கேயோ அரிக்கிற மாதிரி. அப்படிப் பார்த்தால் மாடிப்படியைப் பூட்டவேண்டும் மேடம். பஸ்ஸைப் பூட்டவேண்டும். இந்த மெஸ் சாம்பாரை முதலில் பூட்டவேண்டும், அது ஆயிரத்தில் ஒருத்திக்கு இல்லை, ஆயிரம் பேருக்கும் ஆகிறது. இவையெல்லாம் படியிறங்கி வந்தபிறகு வந்தவை. சரியான பதில், அடித்தால் எழுந்திருக்க முடியாத பதில், இன்று காலை பல் தேய்க்கும்போது வந்தது: அப்போ பசங்களுக்கு அப்பா அம்மா இல்லையா மேடம்? வாயில் நுரையோடு ஓடிவந்தாள். கேட்பதற்குள் அவளையும் உள்ளே தள்ளிப் பூட்டுப் போட்டாகிவிட்டது. அந்தக் கேள்வியை வாய்க்குள் அடக்கியபடி உட்கார்ந்திருக்கிறாள் இப்போது, சூடு ஆறுவதற்குள் பரிமாறவேண்டும்.

ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதை அவள் நஸ்ரினிடம்கூடச் சொல்லவில்லை. அது பயம். கிரகணத்தைப் பற்றிய பயம் இல்லை. சரி, அதிலும் துளி இருக்கலாம், உடம்பில் எங்கேயோ, பரம்பரையாக வந்த துளி, அதை இப்போது பேசவேண்டாம். பெரிய பயம் இது: அறுபது வயதில் யாராவது, நீங்க அந்த ஊர்லதானே படிச்சீங்க, வளையத்தைப் பாத்தீங்களா என்று கேட்பார்கள். இல்லீங்க, நான் மெஸ்ஸில் இருந்தேன் என்று சொல்லவேண்டியிருக்கும். அதைவிடக் கேவலம், நான் மெஸ்ஸில் உட்கார்ந்து வார்டனிடம் என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மையாக இருக்கும். ஏழு வயதிலும் இதேதான் நடந்தது. காரைக்குடி வீட்டில் ஒரு சின்னக் கிரகணம். அம்மா தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நட்டுவைத்து, நிக்குது பாரு, கிரகணம் பிடிச்சிருச்சு என்றாள். எந்த நாள் வைத்தாலும் நிற்கும்மா, அடி தட்டையா இருக்கு என்று உமையாள் வாதாடினாள். அம்மா நிக்காது என்றாள், இவள் நிற்கும் என்றாள், நாளைக்கு வெச்சுப் பார்ப்போமா என்றாள், அப்பா இரண்டு பேரையும் அதட்டினார். எல்லாம் முடிந்து சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தபோது தெருவில் ஒரு ஆடு நின்று சினிமா போஸ்டர் தின்றுகொண்டிருந்தது. ஆட்டுக்குப் பின்னால் வெயில் சாதாரணமாக இருந்தது. கிரகணம் முடிந்திருந்தது. ஆட்டுக்கு யாரும் பூட்டுப் போடவில்லை, அது முழுசாகப் பார்த்திருக்கும், அதற்கு ஒரு சதவீதமும் ஆகவில்லை. உலக்கை வாதத்தில் ஜெயித்தது உமையாள்தான். மறுநாள் நட்டுவைத்தார்கள், நின்றது. ஜெயித்த சந்தோஷம் ரொம்ப நாள் இருந்தது. வானத்தில் என்ன நடந்தது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. நான் அப்படித்தானோ, வாய் பெரிசாக இருந்து கண் சின்னதாகப் போனவளோ என்று நினைத்தாள், நினைத்த உடனே அதற்கும் ஒரு மறுப்பு தயாராக வந்து நின்றது, அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது கரண்ட் போனது. டியூப் லைட்டுகள் கண்ணை மூடின, மின்விசிறிகள் முனகிக்கொண்டே நின்றன, விடுதிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து எந்தக் கரண்ட் கட்டுக்கும் போடுகிற நீளமான "ஓ"வைப் போட்டார்கள். போர்வை கட்டிய ஜன்னல்களின் புண்ணியத்தில் இருட்டு கெட்டியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் தலை எண்ணெயும் பவுடரும் திடீரென்று கிட்டத்தில் வந்த மாதிரி வாசம். "யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்று வார்டனின் குரல் மட்டும் வந்தது. "பியூஸ் போயிருக்கும். வாட்ச்மேன் வருவார். போன் லைட்டைப் போட்டு ஆட்டாதீங்க, தலை சுத்துது." முகம் தெரியாத குரலிடம் பேசுவது சுலபம். உமையாள் வாய்க்குள் அடக்கிவைத்திருந்ததை எடுத்தாள். "மேடம், ஒரு சந்தேகம்." இருட்டில் எங்கிருந்தோ, "ஆரம்பிச்சுட்டா" என்று ஒருத்தி சொன்னாள், நாலு பேர் சிரித்தார்கள். "கேளு உமையாள்" என்றது குரல், களைப்பாக. "பசங்களுக்கு அப்பா அம்மா இல்லையா மேடம்? அவங்க வீட்டுக்கு அது நூறு சதவீதம் இல்லையா?" வாசல் பக்கம் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. அடி விழுந்துவிட்டது என்று உமையாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பிறகு வார்டன் சொன்னார்: "இருக்காங்கம்மா. ஆனா அவங்க யாரும் எனக்கு போன் பண்ணி, என் பையனை வெளியே விடாதீங்கன்னு சொல்றதில்ல. உங்க அப்பா முந்தாநேத்து ராத்திரி பண்ணினாரு." அப்பா. என்னிடம் பேசியபோது, நல்லாப் பேசும்மா, மைக்கைக் கிட்ட வெச்சுக்காதே என்றாரே. இரண்டு பேரிடம் இரண்டு விதமாகவா? யாரிடம் சண்டை போடுவது இப்போது? பூட்டிய கை வார்டனுடையது, பூட்டச் சொன்ன வாய் காரைக்குடியில் இருக்கிறது, அந்த வாய்க்குப் பின்னால் ஒரு உலக்கை நிற்கிறது, சங்கிலி போய்க்கொண்டே இருக்கிறது, கடைசிக் கண்ணியைப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்றால் கடைசிக் கண்ணியே இல்லை.

"ஏய் உமை." நஸ்ரின் விலாவில் இடித்தாள். இப்ப வேண்டாம்டி. "ஏய், இங்க பாருடி. உன் காலுக்குப் பக்கத்துல. யாரோ கடிச்சுட்டுப் போயிருக்காங்க." என்னத்தை? உமையாள் குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு வெளிச்சப் பொட்டு. அது தினமும் இருக்கிறதுதான், அதற்கு என்ன. கூரைத் தகரத்தை எப்போதோ மாற்றிப் பொருத்தியபோது பழைய ஆணிகளின் ஓட்டைகளை அடைக்காமல் விட்டுவிட்டார்கள். ஐப்பசியில் அதன் வழியாக மழை ஒழுகும், அங்கங்கே வாளி வைப்பார்கள். மழை இல்லாத நாளில் வெயில் ஒழுகும், இட்லி அளவுக்கு வட்ட வட்டமாக. டிபன் தட்டை அந்த வட்டத்துக்குள் நகர்த்தி வைத்து, இன்னைக்கு எனக்கு ஒரு இட்லி எக்ஸ்ட்ரா என்று அவளே எத்தனை நாள் விளையாடியிருக்கிறாள். இன்றைக்கு வட்டம் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் பெரிய வாயாக வைத்துக் கடித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் அதே பக்கம் கடிபட்டது. அந்தப் பக்கம் அகிலாண்டத்தின் துப்பட்டா மேல் ஒன்று, தூணின் அடியில் ஒன்று, எல்லாம் ஒரே மாதிரி, ஒரே பக்கம், ஒரே அளவுக் கடி. உமையாளின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த அத்தனை வாக்கியங்களும் ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. ஆணி சதுரமாக இருந்தால் என்ன, ஓட்டை கிழிசலாக இருந்தால் என்ன, விழுவது வட்டமாக இருந்ததே, ஏன் என்று ஒரு நாளாவது கேட்டாயா? எல்லாவற்றையும் கேட்கிறவள் இதைக் கேட்கவில்லை. அது ஓட்டையின் நிழல் இல்லை. அது சூரியன். தினமும் காலையில் சூரியனே இறங்கி வந்து இந்த மெஸ் தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறது, ஒன்றுக்குப் பத்தாக, அதன் மேல் தட்டை வைத்து இவள் சட்னி ஊற்றித் தின்றிருக்கிறாள். ஒளியியல் தாளில் முதல் மதிப்பெண் வேறு. வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பல மடங்கு சிரிப்பாக இருந்தது, அவள் எழுந்து நின்று, தொண்டை கிழிய, "யாரும் நகராதீங்க! எல்லாரும் தரையப் பாருங்க!" என்று கத்தினாள்.

முதலில் பாம்பு என்று நினைத்து நாலு பேர் அலறினார்கள். அப்புறம் ஒருத்தி பார்த்தாள், அவள் இன்னொருத்திக்குக் காட்டினாள், "ஐயோ இங்க ஒண்ணு", "எனக்கு ரெண்டு", "அடியே நகரு, என் சூரியன் மேல உக்காந்திருக்க" என்று இருட்டு முழுக்கக் குரல்கள் முளைத்தன. யாரோ வெள்ளைப் படுக்கை விரிப்பை உதறி விரித்தார்கள், அதில் விழுந்தவை இன்னும் துலக்கமாக, ஓரம் கூர்மையாகத் தெரிந்தன, இப்போது பாதிக்கு மேல் போயிருந்தது. வார்டன் எழுந்து வந்தார். அவருக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆனது, புரிந்ததும் குரல் மாறிவிட்டது. "ஐயையோ, உள்ளயா வருது? அடைங்க, அடைங்க அதை, யாராவது ஸ்டூல் எடுத்துட்டு வாங்க." கூரை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே. ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டாலும் எட்டாது. "தள்ளிப் போங்கம்மா எல்லாரும், மேல படாம நில்லுங்க, ஏய் அகிலாண்டம், உன் மேலதான் விழுது, இங்க வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் வெளிச்சம் அகிலாண்டத்தின் துப்பட்டாவிலிருந்து நழுவி வார்டனின் புறங்கையில் வந்து விழுந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். கையை உதறவில்லை. உதறவேண்டுமென்று தோன்றுவதற்குள் பார்த்துவிட்டார். பார்த்தபிறகு உதற முடியவில்லை. வளையல்களுக்குக் கீழே, நரம்பு தெரிகிற அந்தக் கையின் மேல், ஓரம் வெட்டிய தங்கம் போல ஒரு பிறைச் சூரியன் உட்கார்ந்திருந்தது. "சுடவே இல்லையே" என்றார் வார்டன், யாரிடமும் இல்லாமல். பிறகு, "இது நிஜமாவே சூரியன்தானா உமையாள்? அங்க இருக்கிறதேதானா?" "அங்க இருக்கிறதேதான் மேடம்" என்றாள் உமையாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. தலைகீழாக விழும் மேடம், அங்கே வலது என்றால் இங்கே இடது மேடம், போர்வை கட்டி நீங்கள்தான் மேடம் இந்த மெஸ்ஸை ஒரு பெரிய கேமராவாகச் செய்துவிட்டீர்கள், ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தால் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது மேடம், நன்றி மேடம். குத்திக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவள் குத்தவில்லை. வார்டன் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார், கைமேல் உட்கார்ந்த பட்டாம்பூச்சி பறந்துவிடக் கூடாது என்கிற மாதிரி. அந்த மூச்சுக்குக் குறுக்கே ஒரு வாக்கியத்தை நீட்ட உமையாளுக்கு மனம் வரவில்லை.

பிறைகள் மெலிந்தன. மெலிவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் மெலிந்திருந்தது. நகத்துணுக்கு போல, பிறகு அதிலும் பாதி. யாரும் சொல்லாமலே குரல்கள் இறங்கிவிட்டன. மெஸ் அக்கா அடுப்பங்கரையிலிருந்து வந்து, சேலைத் தலைப்பைப் பிடித்து ஏந்தி அதில் ஒரு பிறையை வாங்கிக்கொண்டு நின்றாள். "எங்க அத்தா இந்நேரம் பள்ளிவாசல்ல கிரகணத் தொழுகையில நிப்பாரு" என்று நஸ்ரின் மெல்லச் சொன்னாள், கையிலிருந்த பொட்டுக்கடலையை மறந்துவிட்டிருந்தாள், துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். மைதானத்து ஒலிபெருக்கியில் கார்மேகம் இன்னும் படித்துக்கொண்டிருந்தான், இப்போது அவனுக்கே அவசரம், "நண்பர்களே இன்னும் சில நொடிகளில், இன்னும் சில," என்று பேப்பரில் இல்லாத எதையோ சொன்னான், நல்லது, பேப்பரைக் கீழே போட்டுவிட்டான், மேலே பார்க்கிறான். அங்கே ஒரு கூட்டம் அண்ணாந்து நிற்கிறது, இங்கே ஒரு கூட்டம் குனிந்து நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சூரியன். அவன்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று உமையாள் தேடினாள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டாள். உடம்பில் துளியாக இருந்த அந்தப் பழைய பயம் இப்போது பெரிதாகியிருந்தது, ஆனால் அதற்குப் பயம் என்ற பெயர் பொருந்தவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சத்தமில்லாமல், யாரையும் கேட்காமல், ஒரு தகரத்தின் ஆணி ஓட்டைக்குள் நுழைந்து வந்து காலடியில் மெலிகிறது என்றால் மயிர்க்கால் நிமிரத்தான் செய்யும். அதை மறுத்து என்ன பேசுவது. பேச ஒன்றும் இல்லாமல் இருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "மேடம்! மேடம்!" வாட்ச்மேன் சவரிமுத்து, ஓடிவந்த மூச்சோடு. "திறங்க மேடம்! திறக்கச் சொல்லிட்டாங்க! டிவிக்காரங்க வந்து பொம்பளப் பிள்ளைங்க ஒண்ணையும் காணோமே, எங்கன்னு துணைவேந்தர்கிட்டயே கேட்டுட்டாங்க. உடனே எல்லாரையும் கிரவுண்டுக்கு அனுப்பச் சொல்றாங்க, உடனே!" மெஸ் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன, பிறகு ஒவ்வொன்றாக உமையாளின் பக்கம் திரும்பின. வார்டனும் திரும்பினார். பிறை இன்னும் அவர் கைமேல் இருந்தது, சாவி மற்றக் கையில். "திறக்கவா?" என்றார். அவளிடம் கேட்டார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் சண்டை போட்டது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். திறங்க என்று சொல்லிவிட்டால் கதவு திறக்கும், பகல் உள்ளே கொட்டும், தரையில் இருக்கிற அத்தனை சூரியனும் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். மைதானத்துக்கு ஓடிப்போய்க் கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைப்பதற்குள் வளையம் உடைந்திருக்கும். வழியில் அண்ணாந்து பார்த்தவளுக்குக் கண் போகும், அது நிஜமாகவே நூறு சதவீதம். சரி, வேண்டாம் என்று சொன்னால்? நாளைக்கு ஆபீசில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது: நாங்க திறந்துதான் விட்டோம், பொண்ணுங்களேதான் வரமாட்டேன்னுட்டாங்க. அதை வைத்தே அடுத்த தடவையும் பூட்டுவார்கள், மாடியைப் பூட்டுவார்கள், நூலகத்துக்கு நேரம் குறைப்பார்கள், உங்க உமையாளே அன்னைக்கு உள்ளதான் இருந்தா என்பார்கள். திறந்தாலும் தோற்கிறேன், திறக்காவிட்டாலும் தோற்கிறேன். ஏதாவது சொல்லுடி என்று நஸ்ரின் கிள்ளினாள். அப்போது விரிப்பின் மேல் இருந்த பிறைகளின் இரண்டு கொம்புகளும் நீண்டு, நூலாக நீண்டு, ஒன்றையொன்று தொட்டன.

வளையம். விரிப்பின் மேல், தூணில், துப்பட்டாக்களில், மெஸ் அக்காவின் தலைப்பில், தயிர்ப் பாத்திரத்தின் தர்ப்பைப் புல்லின் மேல், வார்டனின் கையில், எங்கே பார்த்தாலும் மெல்லிய நெருப்பு வளையங்கள், நடுவில் கறுப்பாக நிலா. ஒருத்தி அழுதாள், ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஒருத்தி சிரித்தாள். மற்ற எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள், அந்த மூச்சு மெஸ்ஸின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் காற்று மாதிரி போனது. அதே நேரம் மைதானத்திலிருந்து பெரிய கூச்சல் எழும்பி வந்து தகரத்தின் மேல் விழுந்தது, இங்கே வாயை மூடிக்கொண்டு நின்றவர்களுக்கும் சேர்த்து அவர்கள் கத்திய மாதிரி இருந்தது. உமையாள் பார்த்தாள். கண் முழுக்க, வேறெதுவும் செய்யாமல், பார்த்தாள். "மேடம், என்ன மேடம், திறக்கறீங்களா இல்லையா, அங்க கத்துறாங்க!" என்று சவரிமுத்து மறுபடி தட்டினார். உமையாள் கையை நீட்டினாள். "சாவி, மேடம்." சிவகாமசுந்தரி அவளைப் பார்த்தார், தன் கைமேல் இருந்த வளையத்தைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் மற்றக் கையை நீட்டி அவள் உள்ளங்கையில் சாவியை வைத்தார், வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. எந்தச் சூரியனையும் மிதித்துவிடாமல் ஓரமாகவே நடந்துபோய், கதவு இடுக்கில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில், ஆனால் வெளியே இருக்கிறவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி உமையாள் சொன்னாள்:

"அண்ணே, உள்ள கிரகணம் நடந்துட்டு இருக்கு. சாவி எங்க கையிலதான் இருக்கு. முடிஞ்சதும் நாங்களே திறந்துக்கிறோம்."